‘சாப்பிட்டானா, அத்தை?’ – மூன்றரை வயதுப் பையன் ஒருவனின் ஆறு மாதம்

திருப்பூரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். சாப்பிட மறுக்கும் குழந்தை என்று வாரத்துக்கு நாலைந்து பேராவது வருவார்கள். அவர்களில் ஒரு குடும்பத்தில் 2023 ஜூன் முதல் டிசம்பர் வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். இதில் நான் செய்த தவறும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு இதை எழுதிப் பயனில்லை.

பின்னணி

பையனுக்கு அப்போது மூன்று வயது ஆறு மாதம். ஒரே குழந்தை. அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மா வேறொரு கம்பெனியில் டெய்லர். திருப்பூரில் வேலையை ஷிப்ட் கணக்கில்தான் சொல்வார்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். சரக்கு அனுப்பும் அவசரம் வந்தால் இரவு எட்டரை வரை நீண்டு ஒன்றரை ஷிப்ட் ஆகும். இந்த வீட்டில் அப்பாவுக்குப் பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். அம்மாவுக்கு ஒன்று, சீசனில் ஒன்றரை.

ஆகவே பையன் பகலெல்லாம் அப்பாவைப் பெற்றவர்களான அப்பத்தா, அப்பாருவோடுதான். அப்பத்தாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, மூட்டு வலி வேறு. குழந்தையைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அவர்தான். அந்த ஜூனில் பையனை வீட்டுக்குப் பக்கத்திலேயே ப்ரீகேஜியில் சேர்த்திருந்தார்கள். ஒன்பதரைக்குப் போய்ப் பதினொன்றரைக்கு வந்துவிடுவான். சேர்ந்த இரண்டாவது வாரமே அங்கிருந்து புகார்: கொடுத்து விடும் டப்பா திறக்காமலே திரும்பி வருகிறது, பையன் பாதி நேரம் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் அம்மா ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மருத்துவமனைக்கு வந்தார்.

முதல் சந்திப்பு

“எதுவுமே சாப்பிட மாட்டேங்கறானுங்க” என்பதுதான் அம்மாவின் முதல் வார்த்தை. எடை 12.8 கிலோ, உயரம் 95 செ.மீ. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இந்த வயது ஆண் குழந்தையின் நடு எடை சுமார் 15.3 கிலோ. 12 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்ற கணக்கில் வரும். இவன் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருந்தான். உயரத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஒல்லி, அவ்வளவுதான். பேச்சு வயதுக்கு ஏற்றபடி இருந்தது. விழுங்குவதில் சிரமம் எதுவும் இல்லை என்பதை மருத்துவர் பார்த்து உறுதி செய்தார்.

கவலைப்பட வைத்தவை வேறு. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுப்பு. மேல் முன்பற்களின் ஈறு ஓரத்தில் பழுப்புக் கறை. மலம் மூன்று நாளைக்கு ஒரு முறை, அதுவும் இறுகி. அப்புறம் அம்மா தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்: “சாமி மாடத்துல இருக்கற திருநீறை எடுத்து எடுத்துத் திங்கறான். டப்பா நாலு நாள்ல காலி ஆயிருது.” வீட்டில் அதைப் பக்தி என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுவர்ச் சுண்ணாம்பு, மண், சாம்பல், திருநீறு போன்றவற்றைக் குழந்தை விடாமல் தேடித் தின்றால் இரும்புச் சத்துக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4. இந்த வயதுக்கு 11க்குக் குறைந்தாலே ரத்தசோகை.

இது அபூர்வமான குழந்தை இல்லை. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் (ஆறு மாதத்துக்கு மேல்) 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகையே பசியை மந்தமாக்கும். பசி மந்தமானால் சாப்பாடு குறையும், சாப்பாடு குறைந்தால் இரும்பு இன்னும் குறையும். ஆகவே மருத்துவர் இரும்புச் சத்து சிரப்பும் பூச்சி மருந்தும் எழுதினார். உணவுக்கு என்னிடம் அனுப்பினார்.

நான் அரை மணி நேரம் பேசி ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். கேழ்வரகு, முருங்கைக் கீரை, முட்டை, பேரீச்சை, வேர்க்கடலை, பச்சைப்பயறு. எந்த வேளைக்கு எது, எவ்வளவு என்று கட்டம் போட்டு. எல்லாமே சரியான உணவுகள்தான். அந்தக் காகிதத்தை அம்மா மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்து எனக்கும் திருப்தி. பால் எவ்வளவு குடிக்கிறான் என்றும் கேட்டேன். “மூணு தடவைங்க” என்றார். சரி என்று எழுதிக்கொண்டேன்.

பட்டியல் செய்த வேலை

இரண்டு வாரம் கழித்து வந்தபோது எடை அதே 12.8. நிலைமை முன்பைவிட மோசம். முன்பு கிண்ணத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்புவான், இப்போது ஓங்கரிக்கிறான். முட்டையை வாயில் திணித்து இரண்டு முறை வாந்தி. நான் கட்டம் போட்டுக் கொடுத்த அளவை முடிக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து போராடியிருக்கிறார்கள். ஏற்கெனவே இருந்த கட்டாயத்துக்கு என் காகிதம் இன்னும் வலு சேர்த்திருந்தது.

இன்னும் இரண்டு விஷயம் தெரிந்தது. இரும்பு சிரப்பின் வாடை பிடிக்காததால் அதைப் பாலில் கலந்து கொடுத்திருக்கிறார்கள். பால் இரும்பை உடம்பில் சேர விடாது. மருந்து கொடுத்தும் பாதி வீண். அடுத்தது, வேர்க்கடலையை வறுத்து முழுசாகக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலை மூச்சுக்குழலில் சிக்கக்கூடிய பொருள். பொடித்துக் கொடுக்கச் சொல்லி நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஒன்றும் நடக்காமல் தப்பியது அதிர்ஷ்டம். அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

“ஊட்டறது யாரு?” என்று அன்றைக்குத்தான் கேட்டேன். அம்மா சொன்னார்: “ஞாயித்துக்கிழமை நான். மத்த நாள் எல்லாம் எங்கத்தை.” அப்படியானால் வாரத்தில் ஆறு நாள் ஊட்டுகிறவரை நான் பார்த்ததே இல்லை. மூட்டு வலியோடு அவரை மருத்துவமனைக்கு அலைக்கழிக்க வேண்டாம், நானே வருகிறேன் என்றேன்.

வீட்டில் பார்த்தது

ஜூலை முதல் வாரம், ஒரு மதியம் போனேன். திண்ணையில் அப்பத்தா கால் நீட்டி உட்கார்ந்திருக்க, எதிரே பையன். நடுவில் எவர்சில்வர் சொம்பில் சாய்த்து வைத்த பழைய செல்போன். கீறல் விழுந்த திரையின் ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. கிண்ணத்தில் ரசம் சாதம், மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கூழாக்கியது. மூன்றரை வயதில் பல் எல்லாம் முளைத்த குழந்தைக்கு!

12.50க்கு ஆரம்பித்தது. பையனின் கண் திரையை விட்டு அசையவில்லை. உருண்டை உதட்டில் பட்டால் வாய் தானாகத் திறக்கும். வாங்கியதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வான். அப்பத்தா கன்னத்தைத் தடவி “முழுங்கு சாமி” என்பார். சில சமயம் ஒரு வாய் உள்ளே போக மூன்று நிமிடம். நடுவில் விளம்பரம் வந்தது. பாட்டு நின்றதும் வாயும் மூடிக்கொண்டது. அப்பத்தாவின் வலது கையெல்லாம் சோறு. இடது கை சுண்டுவிரல் கணுவால் திரையைத் தட்டி விளம்பரத்தைத் தள்ளினார். பாட்டு திரும்ப ஆரம்பித்தது, வாய் திறந்தது. அந்த அசைவு அவருக்கு அவ்வளவு பழகியிருந்தது.

“இதுதான் கடைசி வாய்” என்று அவர் சொன்னதை எண்ணினேன். பதினொரு தடவை. 2.05க்குக் கிண்ணத்தில் கால்வாசி மீதியோடு முடிந்தது. சோறு எப்போதோ ஆறிவிட்டது. அப்பத்தா எழுந்திருக்கத் தூணைப் பிடித்துக்கொண்டார். காலையில் ஒரு மணி நேரம், மதியம் ஒன்றேகால், இரவில் ஒன்று. சாப்பாட்டுக்காக மட்டுமே மூன்று மணி நேரத்துக்கு மேல் திரை. இந்த வயதுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துத் திட்டில் மூன்று பால் புட்டிகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. ஒன்றில் இன்னும் ஈரம். பள்ளியிலிருந்து வந்தவுடனே, அதாவது சாப்பாட்டுக்குச் சரியாக ஒன்றேகால் மணி நேரம் முன்னால், ஒரு புட்டி உள்ளே போயிருந்தது.

பால் கணக்கு

“எத்தனை தடவை” என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்ல வராது. ஆகவே பாக்கெட் கணக்குக் கேட்டேன். வீட்டுக்குத் தினமும் அரை லிட்டர் பாக்கெட் நாலு. காப்பிக்கும் தயிருக்கும் இரண்டு. மீதி இரண்டும் பையனுக்கே. ஆக ஒரு லிட்டர்! எழுந்தவுடன் ஒன்று, பள்ளியிலிருந்து வந்ததும் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, படுக்கும்போது ஒன்று, நடு ராத்திரி சிணுங்கினால் ஒன்று. அம்மாவுக்குத் தெரிந்தது அவர் வீட்டில் இருக்கும்போது நடக்கும் மூன்று மட்டும். அவர் பொய் சொல்லவில்லை.

ஒரு லிட்டர் பாலில் 600 கலோரிக்கு மேல். புட்டிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அது ஒரு 200. மொத்தம் 800க்கு மேல். இந்த எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளுக்கு வேண்டியதே சுமார் 1,000 முதல் 1,100 கலோரி. இடையில் கொறிக்கும் பிஸ்கட்டையும் சேர்த்தால் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவன் வயிறு உண்மையிலேயே நிறைந்திருந்தது. அதே ஒரு லிட்டர் பாலில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூடக் கிடையாது. தேவை 8 மில்லிகிராம் வாக்கில். ரத்தசோகை, மலச்சிக்கல், பல் கறை எல்லாவற்றுக்கும் அந்தத் திட்டில் கவிழ்த்திருந்த புட்டிகளோடு தொடர்பு இருந்தது.

இதை அப்பத்தாவிடம் சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது. “சோறுதான் திங்க மாட்டேங்கறான், பாலாவது உள்ள போகட்டும்னுதானுங்க குடுத்தேன். நானென்ன பட்டினியா போடறேன்?” அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒரு விஷயத்துக்காகவே இந்த ஆய்வை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது. “அவ வந்து செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடி கேக்கறது, ‘சாப்பிட்டானா, அத்தை?’ இல்லைன்னு எப்படிச் சொல்றது?”

மருமகளைக் குறை சொல்லும் தொனியே அதில் இல்லை. பகல் முழுவதும் பிரிந்திருக்கும் ஒரு தாய் வேறு என்ன கேட்பாள்? ஆனால் அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் சொல்வதற்காகத்தான் அந்த வீட்டில் காலையிலிருந்து செல்போன், மிக்சி, புட்டி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அடுத்த ஞாயிறு மாலை எல்லோரும் வீட்டில் இருக்கும்போது மறுபடி போனேன். மருத்துவரிடம் பேசி அவர் ஒப்புதலோடு போனேன்.

முதலில் பால். ஒரு நாளைக்கு 400 மி.லி. போதும், சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும், டம்ளரில் மட்டும், சர்க்கரை இல்லாமல். இந்த வயதில் அரை லிட்டரைத் தாண்டக் கூடாது என்பது பொதுக் கணக்கு. பகல் புட்டிகளை உடனே நிறுத்துவது, இரவுப் புட்டியை மட்டும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்துக் குறைப்பது என்று முடிவு. இரவில் அவன் தேடுவது பசிக்காக இல்லை, தூக்கத்துக்கான பழக்கம். அதைச் சட்டென்று பிடுங்கினால் காலை எட்டரைக்கு வேலைக்குப் போக வேண்டிய இரண்டு பேரின் தூக்கமும் போய்விடும். அப்படிப்பட்ட திட்டம் மூன்றாம் நாளே உடையும்.

அடுத்தது நேரம். காலை 8, பத்தரைக்குப் பள்ளியில் டப்பா, மதியம் 1, மாலை 4.30, இரவு 7.30. இடையில் தண்ணீர் தவிர வேறு எதுவும் இல்லை. பசி வருவதற்கு இடைவெளி வேண்டும். உட்கார்ந்தால் இருபது, அதிகம் போனால் முப்பது நிமிடம். அதற்குப் பிறகு தட்டை எடுத்துவிட வேண்டும். திட்டும் வேண்டாம், பாராட்டும் வேண்டாம். என்ன உணவு, எந்த நேரம், எங்கே உட்காருவது என்பதெல்லாம் பெரியவர்கள் பாடு. எவ்வளவு என்பது அவன் பாடு. இதைச் சொன்னபோது அப்பாரு தலையை ஆட்டினார், அப்பத்தா ஆட்டவில்லை.

ஊட்டுவதை நிறுத்தி அவன் கையால் சாப்பிட விடுவது. தனிச் சமையல் வேண்டாம், வீட்டில் செய்வதிலேயே ஒரு கரண்டி. கூடவே அவனுக்குப் பழக்கமான ஒன்று, இட்லித் துண்டோ தயிர்ச் சோறோ, தட்டில் இருக்க வேண்டும். மிக்சி வேண்டாம். கையால் மசித்தது, பிறகு அரைகுறையாக மசித்தது, பிறகு அப்படியே. மெல்லாத வாய்க்கு மெல்லக் கற்றுக்கொள்ள நாள் ஆகும்.

எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடுவது என்பதை நான் சொல்லவில்லை, அப்பா சொன்னார். அவர் சின்ன வயதில் பால்வாடிக்குப் போனவர். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் மதியச் சோறு. “வரிசையா உக்காத்தி வெச்சா பக்கத்துல இருக்கறவன் திங்கறதப் பாத்து நாமளும் தின்னுருவோம். ஊட்டறதுக்கு அங்க யார் இருந்தா?” இவனுக்கு மூன்று வருடமாகத் தனிச் சாப்பாடு. மற்றவர்கள் சாப்பிடுவதை அவன் பார்த்ததே அபூர்வம்.

செல்போனில் எனக்கும் அப்பத்தாவுக்கும் கருத்து வேறுபாடு. ஒரே நாளில் எல்லா வேளையும் நிறுத்திவிடலாம் என்றேன். “முதல்ல ராத்திரி, அவங்கப்பன் அம்மா இருக்கறப்ப நிறுத்துங்க. மதியம் நான் தனியா என்ன பண்றது?” என்றார் அவர். அவர் சொன்னதே நியாயம். முதல் வாரம் இரவில் மட்டும், இரண்டாவது வாரம் மதியம், பிறகு காலை என்று வைத்துக்கொண்டோம்.

இரும்பு சிரப்பைப் பத்து மணி வாக்கில், பாலுக்குச் சம்பந்தமில்லாத நேரத்தில், கொஞ்சம் எலுமிச்சைச் சாறோடு கொடுக்கச் சொன்னார் மருத்துவர். பள்ளி நாளில் அது முடியாதென்பதால் மதியம் பன்னிரண்டுக்கு மாற்றினோம். அளவு கிலோவுக்கு 3 மி.கி. இரும்பு என்ற கணக்கில். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம், கொடுத்ததும் வாய் கொப்பளிக்க வையுங்கள் என்று முன்பே சொல்லி வைத்தோம்.

கடைசியாக ஒன்று. ஒரு மாதத்துக்கு யாரும் யாரையும் “சாப்பிட்டானா?” என்று கேட்கக் கூடாது. அம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் வேறு எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அம்மாவுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படியே ஆனது.

முதல் பத்து நாள்

மூன்று நாள் அவன் கிட்டத்தட்ட ஒன்றும் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் மொத்தமே இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும். புட்டி கேட்டு அழுதான். மூன்றாம் நாள் மதியம் அப்பத்தா யாருக்கும் தெரியாமல் ஒரு புட்டி கொடுத்துவிட்டார். அன்று இரவே அவராக அப்பாவிடம் சொன்னார். அதற்காக அந்த வீட்டில் யாரும் அவரைக் கடிந்துகொள்ளாதது என் மனதில் நிற்கிறது.

ஐந்தாம் நாள் எடை 12.5. இரவு ஒன்பதரைக்கு அப்பா போன் செய்தார், குரலில் நடுக்கம். விளையாடுகிறானா, சிறுநீர் வழக்கம்போல் போகிறதா, தூங்குகிறானா என்று கேட்டேன். மூன்றும் சரியாக இருந்தன. கொஞ்சம் எடை குறையும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். எந்த எல்லையில் நிறுத்திவிட்டு வர வேண்டும் என்பதையும் சொல்லியிருந்தார். 12.3க்குக் கீழே போனாலோ, சோர்ந்து படுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வர வேண்டும். அந்த எல்லை மட்டும் முன்கூட்டியே எழுதி வைக்கப்படாமல் இருந்திருந்தால் அன்றிரவு புட்டி திரும்ப வந்திருக்கும், நானும் தடுத்திருக்க மாட்டேன்.

ஒன்பதாம் நாள் காலை. ஞாயிறு. அப்பாரு வழக்கம்போல வாசலில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவர் வாயையே பார்த்திருக்கிறான். பிறகு கையை விட்டு ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தான். பாதி சட்டையில் வழிந்தது. அப்பாரு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். பையன் ஐந்தாறு பிடி எடுத்துவிட்டு எழுந்து போனான். அடுப்படியிலிருந்து இதைப் பார்த்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாராம். போனில் இதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். ஓடிப் போய்த் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்று கை பரபரத்ததை அடக்கிக்கொண்டது தான் அந்த மாதம் செய்த பெரிய வேலை என்றார்.

அதற்குப் பிறகு

நேர்கோட்டில் போகவில்லை. திருநீறு தின்பது மூன்று வாரத்துக்குள் நின்றது. மலம் மென்மையானது. நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் 10.4. இரவுப் புட்டி பத்து நாளில் என்று போட்ட கணக்கு மூன்று வாரம் ஆனது.

ஆகஸ்டில் காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுத்தான். புட்டியும் செல்போனும் திரும்ப வந்தன. காய்ச்சலில் வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனமில்லை. உடம்பு தேறியதும் மறுபடி நிறுத்த நாலு நாள் ஆனது. முதல் தடவை போலப் பெரிய போராட்டம் இல்லை.

இதற்கிடையே அப்பத்தாவோடு இரண்டு முறை பேச வேண்டியிருந்தது. ஒரு வயதில் இருந்த குண்டு எங்கே போனது என்பது அவர் கவலை. முதல் வருடத்தில் குழந்தை பிறந்த எடையைப் போல மூன்று மடங்கு ஆகும். அதற்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு கிலோ வாக்கில்தான் கூடும், வளர்ச்சி மெதுவாவதால் பசியும் குறையும் என்று விளக்கினேன். இதை யாரும் அவருக்கு முன்பு சொன்னதில்லை. “அப்ப இவன் கெட்டுப் போகலையா?” என்று கேட்டார். அன்றிலிருந்து ஊட்டுவது தானாகக் குறைந்தது.

அக்டோபரில் தீபாவளிக்கு முந்தைய சீசன். அம்மாவுக்கு மூன்று வாரம் தொடர்ந்து ஒன்றரை ஷிப்ட். இரவுச் சாப்பாட்டுக்குச் செல்போன் வந்துவிட்டது. காலையிலிருந்து குழந்தையோடு இருந்து முடியாமல் போன அறுபது வயதுப் பெண்மணியிடம் இரவு ஏழரைக்கு வந்து போனை எடு என்று சொல்வது சரியாகப் படவில்லை. செல்போன் ஓடினாலும் ஊட்ட வேண்டாம், அவனே சாப்பிடட்டும் என்பதோடு விட்டுவிட்டோம்.

டிசம்பர் நிலவரம்

எடை 14 கிலோ, உயரம் 98.5 செ.மீ. ஹீமோகுளோபின் செப்டம்பர் இறுதியில் 11.5, உடம்பில் இருப்புச் சேர இன்னும் இரண்டு மாதம் சிரப் கொடுத்து நவம்பர் இறுதியில் நிறுத்தினார்கள். பால் இரண்டு டம்ளர். வீட்டுக்கு வரும் பாக்கெட் நாலிலிருந்து மூன்றாகக் குறைந்தது.

அரிசியும் பருப்பும் சோறு, சந்தகை (இடியாப்பம் போன்றது), பச்சைப்பயறு கடைசல், தட்டப்பயறு, கடலைப் பொடி தூவிய இட்லி சாப்பிடுகிறான். முட்டையில் வெள்ளை மட்டும். கீரை இன்னும் தட்டின் ஓரத்தில் ஒதுங்குகிறது. பள்ளி டப்பா பாதி காலியாக வருகிறது. சாப்பாடு இருபது நிமிடத்தில் முடிகிறது. ஒன்றரை ஷிப்ட் நாளில் இரவுச் செல்போன் இன்னும் இருக்கிறது. பல் மருத்துவரிடம் ஒரு முறை காட்டி இரண்டு பல்லை அடைத்தார்கள்; மற்றவை பார்வையில் இருக்கின்றன.

நான் கடைசியாகப் போன நாள் சந்தகை. பாதி சாப்பிட்டுவிட்டு “போதும்” என்று எழுந்து ஓடினான். அப்பத்தா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மிச்சத்தைத் தன் தட்டில் கொட்டிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

மாற்றிக்கொண்டவை

முதல் சந்திப்பில் உணவுப் பட்டியல் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். கட்டாயம் நடக்கும் வீட்டில் பட்டியல் கட்டாயத்தைக் கூட்டும். கடலை, முழுத் திராட்சை போன்றவற்றை எப்படிக் கொடுப்பது என்பதை வாயால் சொல்வதோடு எழுதியும் கொடுக்கிறேன். மருந்தைப் பாலில் கலக்கக் கூடாது என்பதை மருந்துச் சீட்டு எழுதும்போதே சொல்லும்படி மருத்துவரிடம் கேட்டுக்கொண்டேன், அவர் செய்கிறார்.

புட்டியை எடுப்பதற்கு முன்பு மூன்று நாளில் என்னென்ன நடக்கும் என்பதை அப்பத்தாவிடம் விளக்கமாகச் சொல்லவில்லை. அப்பாவிடம்தான் சொன்னேன். அந்த மூன்றாம் நாள் மதியம் அப்பத்தா தனியாக அழும் குழந்தையோடு இருந்திருக்கிறார், எண் இருந்தும் என்னைக் கூப்பிடத் தோன்றவில்லை. இப்போது முதல் ஒரு வாரம் பகலில் நானே கூப்பிடுகிறேன், ஊட்டுகிறவரை.

இந்த முறை எல்லாக் குழந்தைக்கும் பொருந்தாது. விழுங்கச் சிரமப்படும் குழந்தை, வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தை, எடை மிகவும் குறைந்த குழந்தை ஆகியோருக்கு இடைவெளி விட்டுப் பசிக்க வைப்பது ஆபத்து. இவனுக்கு மருத்துவர் எல்லாவற்றையும் பார்த்த பிறகே ஆரம்பித்தோம்.

எங்கள் பதிவுப் படிவத்தில் இரண்டு வரி கூடியிருக்கிறது. ஒன்று, வீட்டுக்கு வரும் பால் பாக்கெட் எத்தனை, அதில் குழந்தைக்கு எத்தனை. இன்னொன்று, ஊட்டுவது யார். பாட்டி என்று பதில் வந்தால் அடுத்த சந்திப்பை மூன்று மணிக்கு வைக்கிறேன். மதியச் சாப்பாடு முடிந்து, குழந்தையும் தூங்கி எழுந்து, அவர்கள் ஆட்டோ பிடித்து வர அதுதான் தோதான நேரம்.